சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: குமரி மாவட்டத்தில் முதல் ஒரு வருஷம்

வேலை மாற்றலாகி நாகர்கோவிலுக்கு வந்த ஒரு தம்பி போன மாதம் என்னிடம் கேட்டார்: “டீச்சர், இங்க தெருவுக்கு ரெண்டு சர்ச் இருக்கு. நான் எதுல போய் உட்கார?” அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. கல்லூரியில் நண்பன் கொடுத்த மாற்கு நற்செய்தியை வாசித்து, இயேசுவை விட முடியாமல் ஆகிவிட்டவர். அவருக்குச் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்தேன். கடலோரத்து லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். சின்ன வயதிலிருந்து ஜெபிக்கத் தெரிந்தவளாக இருந்தும், எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் இருபத்தைந்து வயதில் கோயிலில் முழித்தவள். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின், இப்போது எங்கள் பங்கில், அதாவது ஊர்க் கத்தோலிக்கச் சபையில், திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) தயாராகிறவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். புதியவர் படும் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் ஆலோசனை இதுதான். ஏதாவது ஒரு சபையில் ஒரு முழு வருஷம் இருங்கள். அந்த வருஷத்துக்குள், உங்களோடு உட்கார்ந்து பேசுகிற ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள். இந்த மாவட்டத்தில் விசுவாசம் அப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசு வேலையில் இருந்தவர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் நொந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டு ராஜாவின் படையிலேயே சேர்ந்திருந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அவரிடம் சொன்னார். அந்த நட்புதான் நீலகண்டனை 1745-ல் தேவசகாயம் ஆக்கியது. உள்நாட்டுப் பக்கம் பார்த்தால், தஞ்சாவூர் போய் நற்செய்தியைக் கேட்டுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கம் முதலில் தன் சொந்தக்காரர்களிடம் பேசினார். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி வந்தது அதற்குப் பிறகு, 1806-ல். ஒருத்தர் இன்னொருத்தரிடம் உட்கார்ந்து பேசியதுதான் இரண்டு கதைக்கும் தொடக்கம்.

எந்தக் கதவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். ஆகவே சர்ச் கிடைக்காமல் அலைய மாட்டீர்கள். எது என்ன என்று புரியாமல்தான் திணறுவீர்கள்.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர். 1544-ல் புனித சவேரியார் இந்தக் கரையோரமாக வந்து மீனவ மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அந்த மரபு இன்றும் தொடர்கிறது. கோட்டாறு மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி, 1930-ல் உருவானது. அதிலிருந்து 2014-ல் குழித்துறை பிரிந்தது. இவை தவிர, தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட சீரோ மலபார் மறைமாவட்டமும், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரா மறைமாவட்டமும் உண்டு. மூன்று மரபும் போப்பாண்டவரின் கீழ் ஒரே திருச்சபைதான், வழிபாட்டு முறை மட்டும் வேறு. மற்ற மாவட்டத்திலிருந்து வரும் கத்தோலிக்கர்கள் மலங்கரா கோயிலுக்குள் போய் ‘தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ’ என்று பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், கத்தோலிக்கர் அங்கேயும் நற்கருணை (ஆராதனையில் தரும் அப்பம்) வாங்கலாம்.

சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட பல சபைகள் ஒன்றாகிப் பிறந்தது. இங்கே அதன் வேர் லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கத்தில் இருப்பதால் ஆராதனை எளிமையாக இருக்கும், பாட்டும் பிரசங்கமும் முக்கியம். லுத்தரன் சபைகளும் இரட்சணிய சேனையும் உண்டு. திருவிதாங்கோட்டில் அரப்பள்ளி இருக்கிறது. தோமா அப்போஸ்தலரே நிறுவியது என்று மரபு சொல்லும் ஆர்த்தடாக்ஸ் கோயில் அது. ஒரு நாள் போய்ப் பாருங்கள், அந்தக் கல் சுவருக்குள் சும்மா பத்து நிமிஷம் இருந்தாலே மனசு அடங்கும். பெந்தெகொஸ்தே சபைகள் பெரிய கட்டடத்திலும் இருக்கும், கடை மாடியிலும் இருக்கும்.

தேர்ந்தெடுக்க மூன்று ஞாயிறு போதும். மூன்று இடம் பாருங்கள். நான்காவது ஞாயிறு ஒன்றில் நில்லுங்கள். பாட்டு நன்றாக இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். சிலுவையில் மரித்து உயிர்த்த இயேசுவைப் பற்றிப் பேசுகிறார்களா, அல்லது பாஸ்டரைப் பற்றியே பேசுகிறார்களா? வரவுசெலவைச் சபை முன் வாசிக்கிறார்களா? கூலி வேலை முடித்து அதே சட்டையோடு வந்த ஆளுக்கும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்களா? இவ்வளவு தெரிந்தால் போதும். நடந்து போகிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

சங்கடமான ஒரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். “எந்த ஊரு? யாருக்க மக்க?” என்று கேட்பார்கள். பல நேரம் அது வெறும் விசாரிப்புதான். சில நேரம் சாதி தெரிந்துகொள்ளும் கேள்வி. நம் மாவட்டத்தில் ஒரே சமூகத்தார் மட்டும் நிறைந்த சபைகள் நிறைய உண்டு, அதை மறைத்துப் பயன் இல்லை. தோள்சீலை, அதாவது மார்பை மறைக்கும் மேலாடை, அணியும் உரிமைக்காக இங்கே பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள், 1859-ல்தான் அந்த உரிமைக்கு அரசாணை வந்தது. 2022 மே 15 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை ரோம் விட்டுவிட்டது. சாதி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “இப்போதைக்கு இந்த ஊர்தான், இந்தச் சபைதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு உட்காருங்கள்.

முதல் ஞாயிறு

கால்மணி நேரம் முன்னாலேயே போங்கள். வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். பழைய கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். பெண்கள் ஆராதனை நேரத்தில் முந்தானையையோ துப்பட்டாவையோ தலையில் போடுவது வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளை உடையும் நகை இல்லாத கழுத்தும் கண்ணில் படும், புதியவரிடம் யாரும் அதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள். முன்னால் ஆள் இருந்தால்தான் பார்த்துச் செய்யலாம். கல்யாணமாகி முதல் ஞாயிறு திருப்பலிக்கு (கத்தோலிக்க ஆராதனைக்கு) நான் போனபோது பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார்கள். நான் தடுமாறுவதைப் பார்த்து, முழந்தாளிட வேண்டிய நேரத்தில் என் சேலைத் தலைப்பை மெல்லக் கீழே இழுத்தார்கள், எழ வேண்டிய நேரத்தில் மேலே. முடிந்ததும், “ஒண்ணும் வெப்ராளப்படாத மக்ளே, நாலு வாரம் வந்தா காலு தானா மடங்கும்” என்றார்கள். அவர்களோடு எனக்கு அப்புறம் பதினெட்டு வருஷப் பழக்கம். நான் சொல்லும் அந்த ‘ஒரு ஆள்’ எனக்கு அவர்கள்தான்.

காணிக்கைப் பை வரும்போது கையில் இருப்பதைப் போடலாம், போடாமலும் அடுத்தவரிடம் நகர்த்தலாம், யாரும் பார்ப்பதில்லை. நற்கருணைக்கு, அதாவது திருவிருந்துக்கு, முதல் நாளே எழுந்து போக வேண்டாம். கத்தோலிக்கக் கோயிலில் திருமுழுக்குப் பெற்று, முதல் நற்கருணைக்குத் தயாரான கத்தோலிக்கர்தான் வாங்கலாம். சி.எஸ்.ஐ.யில் பொதுவாகத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் போவார்கள், பல சபைகளில் மாதம் ஒருமுறைதான் திருவிருந்து. மற்றவர்கள் போகும்போது இருந்த இடத்தில் கண்ணை மூடி ஜெபியுங்கள். உங்களைத் தள்ளிவைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அந்த அப்பத்தை அவர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பதே அதில் இருக்கிறது.

அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் போனை எடுக்காதீர்கள். யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் ஜெபக்கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்ய யார் யார் வர வேண்டும், யார் பெயருக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வரும். ஒரு சபையின் நிஜ வாழ்க்கை அங்கேதான் தெரியும்.

வெளியே வரும்போது போதகரோ பங்குத்தந்தையோ வாசலில் நிற்பார். “புதுசா வந்திருக்கேன், ஐயா” என்றோ “சாமி” என்றோ பேர் சொல்லுங்கள். அவர் கூட்டத்தில் மறந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். பணி மாற்றத்தில் ஓர் ஊருக்குப் போனபோது மூன்று மாதம் ஒரு சபையில் என்னோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் இன்றைக்கு எங்கள் கோயிலில் புது முகம் கண்டால் முதலில் போய்க் கையைப் பிடிக்கிறேன். உங்களோடு யாரும் பேசவில்லையென்றால், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிற்கும் அக்காவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்க்கிறவர்களிடம் புதியவருக்கும் இடம் இருக்கும்.

இரண்டு தமிழ்

இது யாரும் சொல்லித் தராத விஷயம். இங்கே கிறிஸ்தவர்களுக்கு இரண்டு தமிழ் உண்டு. சி.எஸ்.ஐ.யிலும் பெந்தெகொஸ்தேயிலும் பழைய ‘பரிசுத்த வேதாகமம்’, கத்தோலிக்கக் கோயிலில் 1995-ல் வந்த ‘திருவிவிலியம்’. அங்கே சங்கீதம் என்றால் இங்கே திருப்பாடல்கள். அங்கே ஆதியாகமம், இங்கே தொடக்க நூல். தேவன் என்றால் கடவுள், பரிசுத்த ஆவி என்றால் தூய ஆவி, கிருபை என்றால் அருள், ஜெபம் என்றால் செபம். ‘ஆயர்’ என்று கத்தோலிக்கர் சொன்னால் மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ.யில் அந்த இடத்தில் இருப்பவர் பேராயர். எங்கள் அம்மா ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஆரம்பிப்பார்கள், என் மாமியார் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு குரலும் ஒன்றாக எழும்பி, நடுவில் குழம்பி, ‘ஆமென்’ என்ற சொல்லில் வந்து சேரும்.

புத்தக அளவும் வேறு. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், மற்றதில் 66. வாங்கும்போது நீங்கள் போகிற சபையில் எதை வாசிக்கிறார்களோ அதையே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்றையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் படித்தால், புரியாத இடங்கள் பல திறக்கும்.

வாசிக்கத் தொடங்குவது மாற்கிலிருந்து இருக்கட்டும். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் பதினாறு நாள். அடுத்து லூக்கா, 24. அதன் தொடர்ச்சியாக அதே லூக்கா எழுதியதாகச் சொல்லப்படும் அப்போஸ்தலர் நடபடிகள், 28. இரண்டு மாதத்துக்கு இது போதும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்கிறேன் என்று ஆரம்பித்த பலர் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தின் சட்டங்களில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் ஒரு சங்கீதம் சத்தமாக வாசியுங்கள். கோபமும் புலம்பலும் நிறைந்த சங்கீதங்கள் வரும், அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம். கடவுளிடம் அப்படியும் பேசலாம் என்று அவை கற்றுத்தரும்.

என்ன நம்புகிறோம்

விசுவாசப் பிரமாணத்தை, அதாவது என்ன நம்புகிறோம் என்று சபை சேர்ந்து சொல்லும் அறிக்கையை, மனப்பாடம் செய்யுங்கள். கத்தோலிக்கர் அதை நம்பிக்கை அறிக்கை என்பார்கள். சபைகளுக்குள் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் கோட்டாறு பேராலயத்திலும் நாகர்கோவில் ஹோம் சர்ச்சிலும் அறிக்கையிடும் விசுவாசம் ஒன்றுதான். 325-ல் நிசேயா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் ஒரு கேள்வியோடு போராடினார்கள். இயேசு கடவுளால் படைக்கப்பட்ட உயர்ந்த ஒருவரா, இல்லை கடவுளே தானா? தந்தையோடு ஒரே தன்மை உடையவர் என்று முடிவு சொன்னார்கள். இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. சிலுவையில் தொங்கியவர் வேறு யாரோ என்றால், நம் வேதனையைக் கடவுள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும். அவரே தொங்கினார் என்றால், கடலுக்குப் போன மகன் திரும்பி வராத வீட்டில் அந்தத் தாயோடு நானும் உட்கார்ந்து ஜெபிக்கத் தைரியம் வருகிறது. எங்கள் கரையில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் எனக்குக் கணக்காகப் புரிந்ததில்லை. ஆவியானவரின் உதவியால், குமாரன் வழியாக, பிதாவிடம் ஜெபிக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் செய்யச் செய்ய, அது என் மூச்சு மாதிரி ஆகிவிட்டது.

வேறுபாடுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத்தில் திருவருட்சாதனங்கள், அதாவது கடவுளின் அருளைத் தரும் சடங்குகள், ஏழு. சி.எஸ்.ஐ.யில் இயேசுவே ஏற்படுத்தியவை என்று இரண்டு, ஞானஸ்நானமும் திருவிருந்தும். மரியன்னையிடமும் புனிதர்களிடமும் கத்தோலிக்கர் பரிந்துரை வேண்டுவார்கள், சி.எஸ்.ஐ.யில் அது இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்தவரைத் தண்ணீரில் முழுவதும் மூழ்க வைப்பார்கள். சி.எஸ்.ஐ. 1970-களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது, கத்தோலிக்கத்தில் இல்லை. இவற்றில் எது சரி என்று முதல் மாதமே தீர்ப்புச் சொல்ல முயல வேண்டாம். அந்தந்தச் சபைக்காரரிடமே காரணம் கேளுங்கள். எதிர்த் தரப்பார் சொல்லும் காரணம் பெரும்பாலும் பாதிதான்.

அறிவியல் படித்தவர்கள் என்னிடம் கூச்சத்தோடு கேட்பது படைப்பைப் பற்றி. முப்பது வருஷம் பரிணாமத்தை வகுப்பில் நடத்தினேன், ஞாயிறு தோறும் படைத்தவரைப் பாடினேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை ஆய்வக நோட்டாக நான் வாசிப்பதில்லை. யார், எதற்காக, நல்லது என்று கண்டாரா என்பதையே அது சொல்கிறது. எல்லாச் சபைகளும் இப்படிச் சொல்லாது, சிலர் ஆறு நாளையும் ஆறு நாளாகவே எடுப்பார்கள். அவர்களோடும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுகம் கேட்டு ஜெபியுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். 1838-லேயே நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியது மிஷன்தான். இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இன்றும் நாகர்கோவிலில் இருக்கிறது. நமக்கு விசுவாசத்தைச் சொன்னவர்களே கையில் மருந்துப் பெட்டியோடு வந்தவர்கள். ‘இன்சுலினை நிறுத்து, விசுவாசி’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன்

ஆறு மாதமாவது வந்துபோன பிறகு போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ தனியாக நேரம் கேளுங்கள். கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்கு நீண்ட தயாரிப்பு உண்டு. வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவுத் திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் (சி.எஸ்.ஐ.யின் திடப்படுத்தல் போன்றது), நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். சி.எஸ்.ஐ.யில் போதகர் பாடம் நடத்தி ஞானஸ்நானம் கொடுப்பார், திடப்படுத்தல் பேராயர் வரும்போது. வேறு ஊர்ச் சபையிலிருந்து வருகிறவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழையும் பழைய சபையின் கடிதத்தையும் கையோடு கொண்டுவாருங்கள், கல்யாண நேரத்தில் தேடி ஓட வேண்டாம். சி.எஸ்.ஐ.யில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும். எனக்கு இரண்டாம் முறை கொடுக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்குப் பணம் கேட்டால் அது தவறு. உங்களை அவசரப்படுத்தினாலும் தவறு.

சட்ட விஷயம் ஒன்று. 1950-ம் ஆண்டு ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே பட்டியல் சாதி அந்தஸ்து உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். படிப்பும் வேலையும் இதில் அடங்கியிருப்பதால் முன்பே விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கண் திறந்து முடிவெடுங்கள். இது அநியாயம் என்பது என் எண்ணம், ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான்.

இந்துக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டோடு பகைக்க வேண்டாம். அம்மா வைத்திருக்கும் சாமி படத்தைப் பற்றி ஒரு கடுஞ்சொல் பேச வேண்டாம். எதைச் சாப்பிடலாம், எந்தச் சடங்கில் நிற்கலாம் என்பதில் சபைக்குச் சபை கருத்து மாறும், போதகரிடம் கேளுங்கள். ஆனால் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமையானாலும் பக்கத்தில் இருங்கள். வீட்டார் உங்கள் இயேசுவைப் பார்ப்பது உங்கள் கையில்தான்.

வருஷம் சுற்றி வரும்போது

ஒரு முழு வருஷம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வருஷம் சுற்றினால்தான் விசுவாசம் முழுதாகக் கண்ணில் படும்.

நவம்பர் இறுதியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறும். டிசம்பர் 3 திருநாள் அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். வேற்று மதத்தாரும் நேர்ச்சையோடு வரிசையில் நிற்பார்கள். தேவசகாயத்தின் கல்லறையும் அந்தக் கோயிலுக்குள்தான், கூட்டமில்லாத ஒரு நாள் போய் முன்னால் உட்காருங்கள். ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வரும். பாடத் தெரியாவிட்டாலும் கூடவே நடங்கள். ஐந்தாறு வீட்டுக் கட்டஞ்சாயாவும் முந்திரிக்கொத்தும் சாப்பிட்ட பிறகு நீங்கள் புதியவர் இல்லை. அப்புறம் நாற்பது நாள் தவக்காலம், சி.எஸ்.ஐ.யில் லெந்து என்பார்கள். குருத்தோலை ஞாயிறு வரும். இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் பெரிய வெள்ளியன்று சி.எஸ்.ஐ. சபைகளில் மத்தியானம் மூன்று மணி நேரம் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். கத்தோலிக்கக் கோயிலில் சிலுவைப்பாதையும் சிலுவை முத்தியும். முடிந்து வெளியே வந்தால் பல இடங்களில் கஞ்சியும் பயறும் ஊற்றுவார்கள். வெறும் வயிற்றோடு, மண்ணில் உட்கார்ந்து, பக்கத்து ஆள் யார் என்று தெரியாமல் அந்தக் கஞ்சியைக் குடித்துப் பாருங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு விடியும் முன்னால் உயிர்ப்பு ஆராதனைக்குப் போகும்போது, ‘அவர் உயிர்த்தார்’ என்ற வார்த்தை வேறு மாதிரி கேட்கும்.

அறுப்பின் பண்டிகையையும் விட வேண்டாம். நேந்திரக் குலை, சக்கை (பலா), தேங்காய், மரச்சீனி, வீட்டுக் கோழி எல்லாம் ஆலயத்துக்கு வந்து, ஆராதனை முடிந்து ஏலம் போகும். பெண்கள் தினமும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் வழக்கம் எங்கள் அம்மா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பிடியரிசியில்தான் எத்தனையோ ஓலைக்கூரை ஆலயங்கள் ஓட்டுக்கட்டடமாயின.

பணமும் போனும் சண்டையும்

உறுப்பினரான பிறகு சந்தா இருக்கும், கத்தோலிக்கக் கோயிலில் திருவிழா வரி இருக்கும். தசமபாகம் என்று பத்தில் ஒரு பங்கைச் சில சபைகள் வலியுறுத்தும். முடிந்ததைக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ‘ஆயிரம் போட்டால் பத்தாயிரமாகத் திரும்பும்’ என்று சொல்லும் பிரசங்கம் நற்செய்தி இல்லை. அதை நான் எங்கேயும் எழுந்து நின்று சொல்வேன்.

2020-ல் கோயில் மூடியிருந்தபோது போனில்தான் திருப்பலி பார்த்தோம். படுக்கையில் இருந்த என் மாமியாருக்கு அது கடைசி வரை ஆறுதல். அதனால் யூடியூப் பிரசங்கத்தைப் பழிக்க மாட்டேன். ஆனால் உங்கள் அம்மா எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் கிடக்கிறார் என்று அந்தப் பிரசங்கிக்குத் தெரியாது. ஜெபக்கூட்டத்தில் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்குத் தெரியும், சோறும் கொண்டுவருவார்கள். அதனால் வாரத்தில் ஒருநாள் உங்கள் பகுதி அன்பியத்துக்கோ (கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வீட்டு ஜெபத்துக்கோ கட்டாயம் போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தீர்க்கதரிசனத்தை, வசனத்தைத் திறந்து பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சபையில் சண்டை இருக்கும். கமிட்டித் தேர்தல் வந்தால் சொந்த அண்ணன் தம்பி பேச மாட்டார்கள், கோர்ட் வரைக்கும் போவார்கள். புதியவரை இரண்டு பக்கமும் டீ வாங்கிக் கொடுத்து இழுக்கும். முதல் வருஷம் எந்தப் பக்கமும் சேராதீர்கள். “எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி, நான் வாசல் கூட்டுறேன்” என்று சொல்லி விளக்குமாறை எடுங்கள். இதைப் பார்த்து விசுவாசமே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு, அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

போய்விட வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் இருப்பது நான் பார்த்த ஒரு காட்சிதான். துக்க மணி அடித்தால், யார் வீடு என்று கேட்டுக்கொண்டு நீங்களும் போங்கள், அறிமுகம் இல்லாவிட்டாலும். எங்கள் ஊரில் ஒரு பாட்டி இறந்தபோது, நான்கு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பேர் சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்து ஏற்றத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. மற்றவர், “நீ மாறிக்கோ, நான் பிடிக்கேன்” என்றார். அடுத்த ஞாயிறு அவர்கள் பேசிக்கொண்டார்களா என்றால், இல்லை. அது நடக்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் நடந்தது. என் சேலைத் தலைப்பை இழுத்துச் சொல்லிக்கொடுத்த பாட்டியின் பெட்டிதான் அது.

இப்படி ஒரு சுற்று முடிந்து அடுத்த டிசம்பர் வரும்போது, யாராவது உங்களிடம் வந்து, “வர்ற ஞாயிறு முதல் வாசகம் நீங்க வாசிக்கேளா?” என்று கேட்பார்கள். சரி என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகமாக இருக்கும். நீளமான வாக்கியங்கள், நடுவில் மூச்சு விட இடம் தேட வேண்டியிருக்கும். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் சத்தமாக மூன்று தடவை வாசித்துப் பாருங்கள், வாயில் சிக்கும் பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். மைக் உயரத்தை ஆராதனைக்கு முன்பே சரி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது பெஞ்சில் யாராவது புதிதாக உட்கார்ந்திருந்தால் முடிந்ததும் முதலில் அவரிடம் போங்கள்.